மதில் சூடு

செப்டம்பர் 9
லோசான் நகரத்துக்கு வந்து மூன்று நாள். அத்தானுக்குப் பாரிசவாதம். வலக்கையும் பேச்சும் போய்விட்டன. எழுதி வைக்காவிட்டால் எந்த நாளில் என்ன நடந்ததென்று நாளைக்கே குழம்பிவிடும்.

செப்டம்பர் 10
பேச்சில்லை. மழை.

செப்டம்பர் 14
"நீயும் இதுக்குள்ள இருந்து என்ன செய்யப் போறாய்? பிள்ளையோட போட்டு வா" என்று அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து துரத்திவிட்டாள். பெறாமகள் ரயிலில் குய்யிக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்து ஏறினால் லாவோ. லோசான் எல்லையிலிருந்து சியோன் கோட்டைப் பக்கம் வரை, ஜெனீவா ஏரியின் கரையோரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சரிவு. தூரத்தில் படிக்கட்டாகத் தெரிந்தவை அத்தனையும் மதில்கள். சில இடங்களில் மதிலுக்கு மேலே ஒரு பாய் அகல மண்தான், அதிலே முந்திரிகை. யாழ்ப்பாணத்தில் பந்தல் போட்டுத் தலைக்கு மேலே படர விடுவோம். இங்கே கம்பியில் பதிவாகக் கட்டியிருக்கிறார்கள். ஷாஸ்லா என்ற இனம். பழுத்தாலும் பச்சைதான், வெயில் பட்ட பக்கம் மட்டும் பொன்னிறம்.

மதிலடியில் ஒரு கிழவர் மண் அள்ளிக்கொண்டிருந்தார். மழை மண்ணைக் கீழே இறக்கிவிடுமாம். அடி வரிசையில் சேர்ந்ததை மேல் வரிசைக்கு ஏற்ற வேண்டும். அவருடைய தகப்பன் முதுகுக்கூடையில் சுமந்தாராம். பெறாமகள்தான் மொழிபெயர்த்தாள். தெசாலே சரிவில் 12ஆம் நூற்றாண்டிலேயே சிஸ்டர்சியன் துறவிகள் தொடங்கிய வேலை. அன்றிலிருந்து மண் இறங்குகிறது, ஏறுகிறது. அவருடைய நகக்கண்ணில் இருந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 15
அக்கா அத்தானின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரிக்கிறாள். பெருவிரல் முடிந்ததும் மறுபடி சின்னிவிரலிலிருந்து.

செப்டம்பர் 19
யன்னலால் ஏரி தெரிகிறது. பார்க்கவே எரிச்சலாக இருந்தது. திரையை இழுத்துவிட்டேன்.

செப்டம்பர் 22
இன்றைக்குத் தனியாகப் போனேன், லாவோவிலேயே சென் சஃபோரனுக்கு. இந்தச் சரிவைக் கட்டடங்கள் விழுங்கக் கூடாதென்று பிரான்ஸ் வெபர் என்பவர் பிரசாரம் செய்ய, 1977இல் வோ மாநில மக்கள் வாக்களித்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். 2007இல்தான் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்த வாக்காளர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இங்கே மூன்று சூரியன் என்று சொல்கிறார்கள். வானத்தில் ஒன்று, ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்புவது ஒன்று, பகலெல்லாம் வாங்கிய சூட்டை மதில் இரவில் விடுவது இன்னொன்று. பொழுதுபட்ட பிறகு மதிலில் கை வைத்தேன். சூடு இருந்தது. அழுகை வந்தது. கையை எடுக்கவில்லை.

செப்டம்பர் 26
அத்தான் வாயைத் திறந்து ஒரு சத்தம் எழுப்பினார். "த" என்று கேட்டது. பெறாமகள் தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். அக்காவின் பெயரும் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

செப்டம்பர் 28
குலை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமையோடு என் விசா முடிகிறது.