திண்ணையில் ஐந்து மாதம்

வெளிநாடு சென்று திரும்பியவரைக் கண்டால் நம் அன்பர்கள் முதலில் கேட்பது, "அங்கே என்னென்ன பார்த்தீர்கள்?" என்பதுதான். நானும் என் மனைவியும் 2024ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முதல் நவம்பர் திங்கள் வரை, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் எங்கள் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். அவள் வீட்டு மாடியில் நின்றால் டிஸ்னி வேர்ல்டு பூங்காவின் வாணவேடிக்கை இரவுதோறும் தெரியும் என்று சொன்ன அளவிலேயே கேட்பவர் முகம் மலர்ந்துவிடுகிறது. "கொடுத்து வைத்தவர்கள்!" என்கிறார்கள். அந்த வேடிக்கையைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். அதன் வேலிக்கு இப்புறத்தே குடியிருப்பவர்களைப் பற்றியும், அங்கே எங்கள் குடும்பத்தில் எழுந்த ஒரு வினாவைப் பற்றியும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதே என் அவா.

வினா இதுதான். நாங்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், இரவு உணவு முடிந்ததும் மகள் மெல்லத் தொடங்கினாள்: "அப்பா, உங்களுக்கு வயது எழுபத்தைந்து. அம்மாவுக்கோ முழங்கால் வலி. தில்லியில் இருவரும் தனியாக இன்னும் எத்தனை நாள் இருப்பீர்கள்? ஜனக்புரி வீட்டை விற்றுவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள். அதற்கு வேண்டிய மனுக்களை நாங்கள் போடுகிறோம்." மாப்பிள்ளையும் அதையே வற்புறுத்தினார். "இருந்து பார்க்கிறோம், அம்மா. ஊர் திரும்பும் முன்பு சொல்கிறேன்" என்றேன் நான்.

அன்றிரவு எங்கள் அறையில் என் மனைவி, "இதை ஓர் ஊர் என்றா சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. அந்த இடத்தின் பெயர் ஹொரைசன் வெஸ்ட். 'மேற்குத் தொடுவானம்' என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ஆர்லாண்டோ நகருக்குத் தென்மேற்கே, டிஸ்னியின் நிலத்தை ஒட்டி அமைந்திருக்கிறது. 2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அங்கே 14,000 பேர் இருந்தனர். 2020இல் 58,000 பேருக்கும் மேல். பத்தே ஆண்டுகளில் நான்கு மடங்கு! காகிதத்தில் கோடிட்டுக் 'கிராமங்கள்' என வகுத்து எழுப்பிய இடம் அது.  அக்கிராமங்கள் சிலவற்றை எஃப், எச், ஐ என்று எழுத்துகளாலேயே குறிப்பிடுவார்கள். நடுவே ஒரு பள்ளிக்கூடம், பிள்ளைகள் நடந்து செல்லும் தொலைவில் வீடுகள், இடையிடையே பசும்புல் வெளி என்பது திட்டம். திட்டம் நல்ல திட்டந்தான். ஆயினும் திறந்த சில ஆண்டுகளிலேயே பள்ளிகள் நிரம்பி வழிகின்றன. தோப்புக் காலத்தில் போட்ட குறுகிய சாலைகளில் காலையும் மாலையும் கார்கள் எறும்புச் சாரைபோல் ஊர்கின்றன. எங்கள் தெருவிலேயே மிகப் பழைய வீட்டுக்கு வயது ஒன்பது. தெருவில் நட்ட மரங்கள் இன்னும் முட்டுக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"கோயில் இல்லாத ஊரில் குடியிருக்கக் கூடாது என்பார்களே! இங்கே கோயிலுக்குப் போக வேண்டுமானால் காசல்பெரிக்கு முக்கால் மணி நேரம் காரில் போக வேண்டும்" என்று ஒரு நாள் என் மனைவி மகளிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

மகள் சிரித்தாள். "அம்மா, நீ கல்யாணமாகி ஆர்.கே. புரத்துக்கு வந்தபோது மலை மந்திர் இருந்ததா?"

என் மனைவி வாயடைத்துப் போனாள். நானுந்தான். 1972இல் அவள் தில்லிக்கு வந்தபோது குன்றின்மேல் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. மறு ஆண்டு, 1973இல், குடமுழுக்கு நடந்தபோது கூட்டத்தில் நாங்களும் நின்றோம். எங்கள் ஆர்.கே. புரமும் காகிதத்தில் கோடிட்ட ஊரே. அங்கே எழுத்துகள், இங்கே செக்டார் எண்கள். அந்நாளில் எங்கள் தெருவிலும் முட்டுக்கோல் பிடித்த மரங்களே நின்றன. இதையெல்லாம் நான் எப்படி மறந்தேன்?

அந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதன் முன்புறத்துத் திண்ணை. ஆம், திண்ணையேதான். பழங்காலத்து அமெரிக்கச் சிற்றூர்களைப்போல் அயலாருடன் பேசிப் பழக வேண்டும் என்று கருதி, அத்தெருவில் கார்க் கொட்டகைகளைப் பின்சந்துக்குத் தள்ளி, முன்னே ஒவ்வொரு வீட்டுக்கும் கூரையிட்ட திண்ணை வைத்திருந்தார்கள். அதில் இரண்டு ஆடும் நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். உட்காரத்தான் ஒருவரும் இல்லை. எல்லாரும் பின்சந்தில் காரை நிறுத்திப் பின்வாசல் வழியே உள்ளே போய்விடுவார்கள். கோடையின் புழுக்கமும் கொசுவும் ஒரு காரணம். காலை முதல் மாலை வரை வேலை என்பது மற்றொரு காரணம். நான் மட்டும் பிற்பகல் இடிமழை ஓய்ந்தபின் அங்கே போய் அமர்வேன். என் மனைவி விடியலில் இட்ட மாக்கோலத்தை அந்த மழை நாள்தோறும் கழுவிவிடும். அவளும் சலிக்காமல் மறுநாள் இடுவாள்.

முதல் வாரம் என்னைப் பார்த்துத் தலையசைத்தவர் ஒரு முதியவர். என் வயதே இருக்கும். நாயுடன் நடந்து செல்பவர். இரண்டாம் வாரம் நின்று பேசினார். மூன்றாம் வாரம் மற்றொரு நாற்காலியில் வந்து அமர்ந்துகொண்டார். எங்கள் தெருவில் அந்த மண்ணிலேயே பிறந்தவர் அவர் ஒருவரே போலும். அவர் சொன்ன கதையைக் கேட்ட பின்னர் அந்த இடத்தை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன்.

அந்த மாவட்டத்தின் பெயரே ஆரஞ்சு. ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தொலைவும் ஆரஞ்சுத் தோப்புகள். அருகிலுள்ள கிளேர்மாண்ட் என்னும் ஊரில், தோப்புகளின் அழகைக் கண்டு களிப்பதற்கென்றே 1956இல் 226 அடி உயரக் கோபுரம் ஒன்றைக் கட்டினார்கள். கோபுரம் இன்றும் இருக்கிறது. ஏறிப் பார்த்தால் வீட்டுக் கூரைகளே பெரிதும் தென்படுகின்றன. தோப்புகளை அழித்தது முதலில் மனிதனல்லன், குளிர். 1983ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் கடும் உறைபனி வந்தது. இரவெல்லாம் மரங்களின்மேல் நீரைத் தெளித்தும், வரிசைக்கிடையே எண்ணெய் அடுப்புகளை மூட்டியும் தம் தந்தையும் தாமும் போராடியதை முதியவர் சொன்னார். உள்ளே சாறு உறைந்து மரப்பட்டை பிளந்த ஓசையைத் தாம் இன்னும் மறக்கவில்லை என்றார். அழிந்த இடத்தில் புதிதாய் நட்டார்கள். 1985 ஜனவரியில் மீண்டும் உறைபனி. 1989 டிசம்பரில் மூன்றாம் முறை. அதன்பின் பலருக்கு நடுவதற்கு மனமும் இல்லை, பொருளும் இல்லை. 1990களில் நிலமுடையோர் கூடி, தோப்பை வீட்டுமனைகளாக்கும் திட்டத்தை மாவட்ட ஆட்சியிடம் கொண்டுசென்றார்கள். அவ்வாறு பிறந்ததே ஹொரைசன் வெஸ்ட். அந்த முதியவர் பின்னர்ப் பல ஆண்டுகள் பூங்காவில் தோட்டப் பணி செய்து ஓய்வு பெற்றவர். "உன் மகள் வீடு இருக்கும் இடம் யாருடைய தோப்பு என்று எனக்குத் தெரியும்" என்று அவர் சொன்னபோது, அந்தக் குரலில் கசப்பு இல்லை. ஆனால் எனக்கு, தஞ்சைப் பக்கத்தில் நாங்கள் விற்றுவிட்டு வந்த நிலம் நினைவுக்கு வந்தது.

பூங்காவின் வரலாற்றிலும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. வால்ட் டிஸ்னி 1960களின் நடுவில் தம் பெயர் வெளிப்படாமல், வேறு வேறு நிறுவனப் பெயர்களில், ஏறத்தாழ 27,000 ஏக்கர் நிலத்தை அங்கே வாங்கினார். கேளிக்கைப் பூங்காவோடு, இருபதினாயிரம் பேர் வாழத்தக்க மாதிரி நகரம் ஒன்றையும் எழுப்ப வேண்டும் என்பது அவருடைய பெருங்கனவு. எப்காட் என்று அதற்குப் பெயரும் சூட்டியிருந்தார். அந்நகரில் எவருக்கும் சொந்த வீடு இராது. அனைவரும் வாடகைக் குடிகளே. 1966 டிசம்பரில் அவர் காலமானார். 1971 அக்டோபர் முதல் நாள் பூங்கா திறக்கப்பட்டது. நகரம் எழவில்லை, அப்பெயரில் 1982இல் திறந்ததும் மற்றொரு பூங்காவே. பேரனுடன் நானும் போய்ப் பார்த்தேன். 189 அடி உயரமுள்ள அரண்மனை, மேலே போகப் போக அளவைக் குறைத்துக் கட்டியிருப்பதால் இன்னும் உயரமாகத் தோன்றுகிறது. கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் இரவானதும் வந்தவர் அனைவரும் தத்தம் இடம் திரும்பிவிடுகிறார்கள். வாழ்வதற்குரிய ஊர், அந்தப் பேரறிஞர் கனவு கண்ட நிலத்துக்கு வெளியே, வீட்டுக் கடன் வாங்கிய எளியவர்கள் கையால் உருவாகி வருகிறது.

அது உருவாவதை நான் கண்ணால் கண்டது அக்டோபர் 9ஆம் நாள். மில்டன் என்னும் பெரும்புயல் மேற்குக் கடற்கரையில் ஏறி, மாநிலத்தைக் குறுக்கே கடந்து வருவதாக அறிவித்திருந்தார்கள். இரண்டு நாள் முன்பே கடைகளில் குடிநீர் தீர்ந்துவிட்டது. பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசை. அன்று பிற்பகல் பூங்காவை மூடினார்கள். காற்றில் பறக்கக் கூடிய பொருளெல்லாம் உள்ளே இருக்க வேண்டும் என்று அந்த முதியவர் வந்து, ஆடும் நாற்காலிகளைத் தூக்கி வைக்க எனக்குக் கைகொடுத்தார். எதிர்வீட்டில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒரு குடும்பம். கணவர் பூங்காவில் பராமரிப்புப் பணியாளர். புயல் முடியும்வரை அங்கேயே தங்கிக் காவல் இருக்கும் குழுவில் அவரும் ஒருவர். மனைவி இரண்டு சிறு குழந்தைகளுடன் தனியே இருந்தாள். அதுவரை அவளுக்கும் எங்களுக்கும் கையசைக்கும் பழக்கமே. என் மனைவி என்னையும் கேளாமல், மகளையும் கேளாமல், முழங்கால் வலியோடு தெருவைக் கடந்து போய் அவர்களை அழைத்து வந்துவிட்டாள்.

அன்றிரவு மின்சாரம் நின்றுவிட்டது. காற்றின் ஊளை கேட்கும் போதெல்லாம் அந்தச் சிறுமி என் மனைவியின் புடவைத் தலைப்பைப் பற்றிக்கொண்டாள். இருவருக்கும் பொதுமொழி ஒன்றுமில்லை. இவள் தமிழில் கதை சொன்னாள். அவள் ஸ்பானிய மொழியில் கேள்வி கேட்டாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் தயிர்சாதம் எல்லாருக்கும் போயிற்று. அன்றைக்கு வானத்தில் வாணவேடிக்கை இல்லை. விடிந்தபோது தெருவில் சாய்ந்த மரக்கன்றுகளை நிமிர்த்துக் கட்ட, பின்வாசல்காரர்கள் அனைவரும் முன்வாசல் வழியே வெளியே வந்தார்கள். ஒன்பது ஆண்டுத் தெருவில் பலர் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டறிந்தது அன்றுதான்.

மூன்று வாரங்களில் தீபாவளி வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 31, அமெரிக்கப் பிள்ளைகள் மாறுவேடம் பூண்டு வீடுவீடாக இனிப்புக் கேட்கும் ஹாலோவீன் நாளும் அதுவே. அறியாத வீட்டில் கொடுக்கும் பண்டத்தைக் கடையில் உறையிட்டதாக இருந்தாலன்றிப் பெற்றோர் உண்ண விடமாட்டார்கள் என்று மகள் எச்சரித்திருந்தாள். ஆதலால் திண்ணையில் ஒரு கூடை நிறைய உறையிட்ட மிட்டாய் வைத்தோம். எதிர்வீட்டுச் சிறுமியும் இளவரசி வேடத்தில் வந்தாள். கூடையை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய் என் மனைவியின் தட்டிலிருந்து முறுக்கை எடுத்துக் கடித்தாள். பின்னால் நின்ற தாயும் தடுக்கவில்லை. தனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஊரா?" என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

நவம்பரில் விடை சொல்ல வேண்டிய நாள் வந்தது. "அம்மா, இது உங்களுக்கு ஊராகிவிட்டது. இனி உங்களை நினைத்து எங்களுக்குக் கவலையில்லை. ஆனால் எங்கள் ஊர் ஜனக்புரியில் இருக்கிறது. உடல் ஒத்துழைக்கும்வரை அங்கேதான் இருப்போம்; வீட்டை விற்க வேண்டாம்" என்றேன். அவள் கண் கலங்கினாள். தவறு செய்கிறேனோ என்ற ஐயம் விமானத்தில் ஏறும்வரை எனக்கும் இருந்தது. இன்றும் முழுவதும் தீர்ந்தபாடில்லை.

தில்லி திரும்பிய மறுநாள் ஒன்று தெரிந்தது. நாங்கள் இல்லாத ஐந்து மாதத்தில் எங்கள் அடுக்கில் இரண்டு வீடுகளுக்குப் புதுக் குடும்பங்கள் வந்திருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு வந்தவர்களின் பெயரே எனக்குத் தெரியாது. மகளிடம் அவ்வளவு உறுதியோடு 'எங்கள் ஊர்' என்று சொல்லிவிட்டு வந்தவன், எப்போதோ பின்வாசல்காரனாகிவிட்டிருந்தேன். அன்று மாலையே கீழே வாசலோரத்தில் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டேன்.

நம் இளையவர்கள் இன்று துவாரகையிலும் நொய்டாவிலும் குருகிராமத்திலும், எண்ணும் எழுத்தும் பெயராகக் கொண்ட அடுக்ககங்களில் குடியேறுகிறார்கள். "இங்கே யாரையும் தெரியாது, மாமா" என்று சங்கத்துக்கு வரும்போது சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லக் கூடியது ஒன்றே: வாசலில் ஒரு நாற்காலி போடுங்கள், மூன்று வாரம் பொறுத்திருங்கள். எதிர்வீட்டுக்காரர் முதலில் வரட்டும் என்று மட்டும் காத்திராதீர்கள். முழங்கால் வலியுடன் தெருவைக் கடந்த ஒருத்தியை நான் அறிவேன்.