ஆத்தா கேட்ட அயிரை

2024 மே மாதம், மீன்பிடித் திருவிழாவுக்காகப் பிறந்த ஊருக்குப் போயிருந்தேன். சிங்கம்புணரிக்குப் பக்கத்துக் கிராமம். அந்தப் பக்கம் மேலூர், நத்தம், இந்தப் பக்கம் பொன்னமராவதி வரைக்கும் பல ஊர்களில் இந்த வழக்கம் உண்டு. அறுவடை முடிந்து கண்மாயில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது, ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான்! கரையில் நிற்கிற ஜனம் ஊத்தா, கச்சா, வலை, சாக்கு என்று கையில் இருப்பதோடு உள்ளே பாயும். எங்கள் ஊரில் அந்த மீனை விற்கக் கூடாது. அன்றைக்கு எல்லா வீட்டு அடுப்பிலும் மீன் குழம்புதான்.

நான் போன காரணம் வேறு. என் ஆத்தாவுக்கு வயது 76. காய்ச்சலில் விழுந்து எழுந்ததிலிருந்து வாயில் எதையும் வைப்பதில்லை. தம்பி பெண்டாட்டி ரசம் சாதம் பிசைந்து ஊட்டிப் பார்த்து ஓய்ந்து போனாள்.

"உனக்கு என்னதான் வேணும் ஆத்தா?" என்று கேட்டேன்.

"அயிரைக் கொழம்பு வச்சுத் தாடி. ரெண்டு வாய் திங்கிறேன்."

இதென்ன பிரமாதம், நாளைக்குக் கண்மாயே நம் வீட்டுக்கு வரப் போகிறதே என்று நினைத்தேன். மறுநாள் தம்பி ஒரு சாக்கு நிறையக் கொண்டு வந்து முற்றத்தில் கொட்டினான். பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. இரண்டு பெரிய கட்லா, மற்றதெல்லாம் சிலேபி. கிளறிக் கிளறிப் பார்த்தேன், ஓர் அயிரை கூட இல்லை. திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்த ஆத்தா, "கம்மா முழுக்க ஒரே மீனாடி?" என்றாள்.

அன்று ராத்திரி அவளைப் பேச வைப்பதற்காகவே, அந்தக் காலத்தில் என்னென்ன மீன் கிடைத்தது என்று கேட்டு, காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் கொண்டேன். அயிரை, ஆரல், விரால், குரவை, கெளுத்தி, தேளி, உளுவை, வெளிச்சி, விலாங்கு, வாளை, சொட்டைவாளை, பனையேறிக் கெண்டை, சேல்கெண்டை, பொடிக்கெண்டை... தாள் நிறைந்து விட்டது. அதில் ஒன்பதைத்தான் நான் சமைத்திருக்கிறேன். மதுரையில் வளர்ந்த என் மகளுக்கு மூன்று பெயர்தான் தெரியும். அவளை எப்படிக் குறை சொல்வது?

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகன் விவரம் சொன்னான். "அயித்தே, கட்லா, ரோகு, மிர்கால் மூணும் வடக்கே கங்கைப் பக்கத்து மீன். கம்மாயில நிக்கிற தண்ணியில குஞ்சு பொரிக்காது. 1957-ல கட்டாக்குல ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் ஊசி போட்டு முட்டையிட வச்சாங்க. அதுக்கப்புறம்தான் குஞ்சு வாங்கி விடுறது பெருகுச்சு. சிலேபி ஆப்பிரிக்க மீன். 1952-ல நம்ம நாட்டுக்குக் கொண்டு வந்தாங்க. தாய் மீன் முட்டையை வாயிலேயே வச்சு அடைகாக்கும். பெருகாம என்ன செய்யும்?" குத்தகை எடுப்பவருக்குக் கிலோதான் கணக்கு. அவருக்கு அயிரை எதற்கு?

எனக்கென்னவோ கிலோ மட்டும் கணக்காகத் தெரியவில்லை. கட்லாவில் சதையைத் தின்று முள்ளைத் துப்புகிறோம். அயிரையைத் தலையோடு, முள்ளோடு மென்று விடுகிறோம். சுண்ணாம்புச் சத்து அந்த முள்ளில்தானே இருக்கிறது? பால் கொடுக்கும் தாய்மாருக்கு அது எவ்வளவு வேண்டும்!

குத்தகைக்காரரை மட்டும் சொல்லி நான் தப்பிக்க முடியாது. ஐப்பசியில் முதல் வெள்ளம் வரும்போது, மீன் சினையோடு கலிங்கை எதிர்த்து வரத்துக் காலில் ஏறும். 'ஏத்து மீன்' என்போம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷம், நானும் மதினியும் பழைய நூல் சேலையை அங்கே விரித்துக் குடம் குடமாக அள்ளினோம். அத்தனையும் முட்டை மீன். வறுத்தால் அந்த முட்டை என்ன ருசி தெரியுமா! முட்டையைத் தின்றால் அடுத்த வருஷம் மீன் ஏது என்று அப்போது தோன்றவே இல்லை. இப்போது சேலைக்குப் பதில் கொசுவலை கட்டுகிறார்கள். பொடிக் குஞ்சு கூடத் தப்பாது.

கடைசியில் மதுரை மார்க்கெட்டிலிருந்து கால் கிலோ அயிரை உயிரோடு வரவழைத்தோம். விலையைச் சொன்னால் ஆத்தா தின்ன மாட்டாள், சொல்லவில்லை. தேங்காய்ப்பாலில் விட்டதும் வயிற்று மண்ணைக் கக்கி விட்டது. பிறகு மண் சட்டியில் கல்லுப்புப் போட்டுத் தேய்த்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் தாளித்து, புளி கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து விட்டு, குழம்பு கொதித்த பிறகே மீனைப் போட்டேன். முதலில் போட்டால் கரைந்து விடும். ஆத்தா இரண்டு வாய் இல்லை, ஒரு கிண்ணம் சோறு சாப்பிட்டாள். தம்பி பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

ஐப்பசியில் தண்ணீர் வந்ததும் தம்பிக்குப் போன் செய்து, கலிங்கில் கொசுவலை கட்ட வேண்டாமென்று ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்லச் சொன்னேன்.

"சொன்னேன்க்கா. நாலு நாள் கேட்டாங்க. அஞ்சாம் நாள் கட்டிட்டாங்க."

ஆத்தா போனை வாங்கிக் கொண்டாள். "போகட்டும் விடு. நாலு நாள்ல ஏறுனது ஏறியிருக்கும்டி" என்றாள்.