பர்மாவிலிருந்து வந்த பாதை

மழைக்காலம் நெருங்குமுன், வட ஆற்காட்டுக் கிராமத்திலிருந்த எங்கள் வீட்டில், என் பாட்டனார் பழைய கோணிச் சாக்குகளைத் தையல் பிரித்து, காய்ச்சிய தாரில் தோய்த்து, கொல்லைக் கதவு தொடங்கிக் கிணற்றடி வரைக்கும், ஒன்றின்மேல் ஒன்று பாதியளவு படியும்படி விரித்துவைப்பது வழக்கம். ஊரில் வேறெவரும் செய்தறியாத இவ்வித்தையை அவர் எங்கே கற்றார் என்ற கேள்வி, அவர் காலமான பிறகே என் மனத்தில் எழுந்தது.

முதலில் பாட்டியைக் கேட்டேன். "பட்டாளத்துலேருந்து வந்த வருசமே ஆரம்பிச்சுட்டாரு, கண்ணு. கொடம் ஒடைஞ்சா வேற வாங்கலாம், புள்ளத்தாச்சி வழுக்கி விழுந்தா என்னா பண்றதும்பாரு" என்றாள். அவர் அதைத் தொடங்கியபோது அவளுக்குப் பிரசவ மாதம். பின்னர் மருமகள்களுக்கும், மணமாகிப் பிரசவத்துக்கு வந்த பெண்களுக்கும் அப்பாதை பயன்பட்டது. மல்லாட்டை விளையும் இரண்டு காணி நிலத்தைக்கொண்டு ஆறு பிள்ளைகளை ஆளாக்கிய அவர், யுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

அவருடைய டிரங்குப் பெட்டியில், மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையிலிருந்து 1946இல் விடுவிக்கப்பட்டதற்கான காகிதமும், 'பர்மா ஸ்டார்' என்னும் ஆறு முனைப் பதக்கமும் இருந்தன. பதக்கத்தின் நாடாவில் நடுவே அகன்ற சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்நீலத்தினூடே மெல்லிய ஆரஞ்சுக் கோடு. ஆக, தேட வேண்டிய தேசம் இன்னதென்று புலப்பட்டது.

பர்மாவில் போரிட்ட பதினான்காம் சேனையின் தளபதி ஸ்லிம் 1956இல் வெளியிட்ட யுத்த நினைவு நூலில் என் கேள்விக்கு விடை கிடைத்தது. மணிப்பூர் எல்லையை ஒட்டிய தாமுவிலிருந்து, மலேரியாவுக்குப் பேர்போன கபோ பள்ளத்தாக்கின் வழியாகச் சிண்ட்வின் நதிக்கரையிலுள்ள கலேவா வரைக்கும் சேனைக்குச் சாலை வேண்டியிருந்தது, சல்லிக்கோ பஞ்சம். எனவே, மண்ணைச் சமன்படுத்தி, ஆமையின் முதுகுபோல் நடுவில் உயர்த்தி, தார் தோய்ந்த சணல் துணிப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று படிய விரித்து, ஏறத்தாழ 100 மைல் தூரத்தை மூடினார்கள். துணி பாரத்தைத் தாங்குவதில்லை. அடியிலுள்ள மண்ணில் மழைநீர் இறங்காமல் காப்பதே அதன் வேலை. எங்கேனும் கிழிந்து நீர் புகுந்தால் சாலை சேறாகிவிடுமாதலால், ஓயாத கவனிப்பு அவசியமாயிற்று. அதே கலேவாவில், 1944 டிசம்பரில், 1,154 அடி நீளமுள்ள பெய்லி பாலமும் நிறுவப்பட்டது.

இதைப் படித்ததும் எங்கள் கொல்லையின் ஒவ்வோர் அம்சத்துக்கும் அர்த்தம் விளங்கிற்று. நடுவே உயர்ந்த தரை, இருமருங்கிலும் அவர் வெட்டிய வாய்க்கால், ஒட்டுப்போடுவதற்கென்று தாழ்வாரத்தில் தொங்கிய தார்த்துண்டுகள், கொட்டும் மழையிலும் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு கிழிசல் தேடிப் போகும் அவருடைய பிடிவாதம் ஆகிய அனைத்தும் அந்தச் சாலையின் முறைகளே. சேனைக்காகக் கற்ற வித்தையில் தம் குடும்பத்துக்கு உதவுவதை மட்டும் பிரித்தெடுத்து, ஏனையவற்றைப் பெட்டியில் பூட்டிவிட்டார் என்று எனக்குத் தோன்றிற்று.

பாட்டியிடம் இவ்வளவையும் விஸ்தாரமாகச் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடியே கேட்டிருந்துவிட்டு, "அப்படின்னா, சர்க்காரு சம்பளம் குடுத்து வாங்கின வேலைய, எனக்குச் சும்மாவே செஞ்சு குடுத்திருக்காரு!" என்று சிரித்தாள்.