ஓதம் குறித்துக் கொடுத்த நேரம்

வெள்ளி இரவு, ஹாம்பிள்

இங்கிலாந்தின் தென்கரையில், ஹாம்பிள் ஆற்று மரீனாவில் இருக்கிறோம். நாளை எங்கள் பாய்மரப் படகுச் சங்கத்தார் எல்லோரும் வைட் தீவின் யார்மத் துறைமுகத்துக்குப் போகிறோம். ஸ்கிப்பர் ஓத அட்டவணையை மேசையில் விரித்து, புதியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பௌர்ணமி கழிந்து இரண்டு நாளாகிறது. ஓதம் வலுவாக இருக்கும். நண்பகல் வாக்கில் நீர் உச்சத்துக்கு வரும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே, தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான சோலன்ட் நீரிணையில் நீரோட்டம் மேற்கே திரும்பிவிடும். பத்து மணிக்குக் கயிற்றை அவிழ்த்தால், ஆற்றை விட்டு வெளியேறும்போது கடலே நம்மை இழுத்துக்கொண்டு போகும்.

சவுத்தாம்ப்டன் பக்கத்து ஓதம் உச்சம் தொட்டு, சற்றே தாழ்ந்து, மீண்டும் ஏறும். வைட் தீவின் இரு பக்கமும் நீர் புகுவதால்தான் இப்படி என்று பலரும் சொல்வார்கள். உண்மையில், ஆங்கிலக் கால்வாயின் நடுப்பகுதியில், ஆழம் குறைந்த கடலில் ஓத அலை உருமாறுவதே காரணம். நீர் நெடுநேரம் வற்றாமல் நிற்பது பெருங்கப்பல்களுக்கு வசதி.

சனி இரவு, யார்மத்

காற்று தென்மேற்கிலிருந்து, பியூஃபோர்ட் அளவில் 5. நீரோட்டமோ அதற்கு எதிராக மேற்கே ஓடியது. இரண்டும் மோதினால் அலை நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். பெரிய பாயை ஒரு மடிப்புச் சுருக்கினோம். அந்த நேரத்தில்தான் ஸ்கிப்பர் சுக்கானை என் கையில் கொடுத்தார். “திசைகாட்டியை விடுங்க. முன்பாயில் ஒட்டியிருக்கிற நூலைப் பாருங்க.” நூல் படிந்து பறந்தால் பாயில் காற்று சீராக ஓடுகிறது, துடித்தால் திசை பிசகிவிட்டது. முகத்தில் உப்புநீர் அறைய, அந்த நூலைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

வழியில் வைட் தீவின் கௌஸ் ஊர். கரையோரக் கோட்டையில் இருக்கிறது ராயல் யாட் ஸ்குவாட்ரன், 1815இல் தோன்றிய சங்கம். தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் பந்தயத்தில் போட்டியிட்டார். கௌஸ் சங்கத்தில் இடமில்லாததால், ராயல் அல்ஸ்டர் சங்கத்தின் பெயரில்தான் போட்டியிட முடிந்தது. கௌஸ் சங்கம் அவரை உறுப்பினராக்கியது 1931இல், அவர் இறந்த ஆண்டில். இலங்கை மலையகத்தில் தமிழ்த் தொழிலாளர் பறித்த கொழுந்தும் சேர்ந்து பெருக்கிய செல்வம் அவருடையது. அந்தச் செல்வத்துக்கே நெடுநாள் திறக்காத கதவு அது. எங்கள் சங்கத்திலோ படகில்லாதவர்களுக்கும் இடம் தேடித் தருகிறார்கள். இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

யார்மத்தில் இட நெருக்கடி. அதனால் படகோடு படகு அணைத்து, இடையில் காற்றுப் பைகள் தொங்கவிட்டுக் கட்டினோம். வெளிப்படகிலிருந்து கரைக்குப் போக மற்றப் படகுகளைக் கடந்துதான் ஆகவேண்டும். அதற்கு எழுதாத விதி ஒன்று உண்டு: அணியத்துப் பக்கமாக, மெத்தென்று அடியெடுத்து நடக்க வேண்டும்; பின்புறம் படகுக்காரர்கள் உட்கார்ந்து பேசும் இடம், திண்ணை மாதிரி, அழைத்தால்தான் மிதிக்கலாம். இன்று நான் கடந்த ஒவ்வொரு படகிலும் அழைத்தார்கள். கரைக்கு வந்து சேர நெடுநேரமாயிற்று.

ஞாயிறு மாலை, ஹாம்பிள்

காலை எட்டுக்கே புறப்பட்டோம், கிழக்கே ஓடும் நீர் நண்பகலுக்கு முன் திரும்பிவிடும் என்பதால். நேற்றைய அதே காற்று இன்று முதுகுக்குப் பின்னால். ஓட்டமும் காற்றும் ஒரே திசையில் போனதால் கடல் சமதளமாகக் கிடந்தது.

எங்கள் கூட்டத்தில் ஒரு பழைய மரப்படகு பின்தங்கியது. முன்னால் போனவர்கள் முன்பாயைச் சுருட்டி வேகத்தைக் குறைத்தார்கள். யாரும் அறிவிப்புச் செய்யவில்லை. மரீனாவிலும் அது வரும்வரை ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. கயிற்றை வாங்கிக் கட்ட அத்தனை கைகள் நீண்டன.

அடுத்த பயணம் பூல் துறைமுகத்துக்கு. ஹர்ஸ்ட் கோட்டை முனையின் குறுகலைக் கடக்க வேண்டும். பெரு ஓதத்தின்போது அங்கே நீர் 4 நாட் வேகத்தில் பாயும். பட்டியலில் என் பெயரை எழுதிவிட்டேன்.