மிக்-21க்கு ஒரு டாட்டா

எங்க எளாவூர் பக்கம் படகு ஒழுகுனா ஒட்டுப்போட்டு மறுபடி ஏரிக்குள்ள போவாங்க. புதுசு வாங்கக் காசு வேணுமே! நம்ம விமானப்படையும் மிக்-21ஐ அப்படித்தான் ஓட்டிச்சு. 1963ல் வந்தது, 2025 செப்டம்பர் 26ல்தான் சண்டிகரில் ஓய்வு.

பழவேற்காடு ஏரி ஆழம் கம்மி, படகு கவுந்தாலும் தப்பிச்சுரலாம். வானத்துல? 2012ல் அமைச்சர் அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு: வாங்கின 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்தில் காலி, 171 பைலட்டுகள் பலி. படிச்சப்ப வயிறு கலங்கிருச்சு.

2021ல் 83 தேஜஸ் மார்க்-1ஏ ஆர்டர் போட்டாங்க. அமெரிக்க எஞ்சின் லேட்டாக, விமானமும் லேட். 42 ஸ்குவாட்ரன் இருக்க வேண்டிய இடத்துல, மிக்-21 போனப்போ மிஞ்சினது 29.

பழைய படகைக் கரையேத்தியாச்சு, சந்தோஷம். இருக்கிறதுல அடுத்த பழசுக்கு ஒட்டுப்போடாம இருக்கணுமே, சாமி!