வரப்புக்குக் கீழே

கலைச்சொல்லாக்கம் என்பது தமிழாசிரியர்களின் தலையில் தானாக வந்து விழும் வேலைகளில் ஒன்று. எங்கள் கல்லூரியின் நிலவியல் துறை நண்பர் நிலத்தடி நீர் பற்றித் தமிழில் ஒரு பாடநூல் எழுதத் தொடங்கியபோது, அறுபது எழுபது சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை என்னிடம் தந்தார். 'ஹெட்' என்பதற்கு நேரே யாரோ 'தலை' என்று எழுதியிருந்தார்கள். குறிப்பிட்ட ஓரிடத்தில் நீர் எந்த உயரம் வரை ஏறி நிற்கும் என்பதைக் குறிக்கும் சொல் அது. 'நீர்நிலை உயரம்' என்று மாற்றினேன். 'அக்விஃபர்' என்பதற்கு 'நீர்த்தாங்கி' போதும். ஆனால் 'பவுண்டரி கண்டிஷன்' என்பதை 'எல்லை நிபந்தனை' என்று பெயர்த்த பிறகும் அது எதன் எல்லை, யார் விதிக்கும் நிபந்தனை என்பது விளங்கவில்லை. பொருளைக் காணாமல் சொல்லைச் செய்யக் கூடாது என்பது என் கட்சி. நண்பர் சிரித்துவிட்டு, "மாட்ஃப்லோவை உங்கள் கணினியில் நிறுவிப் பாருங்கள், சார். காசு கொடுக்க வேண்டியதில்லை" என்றார்.

மாட்ஃப்லோ என்பது அமெரிக்க நிலவியல் அளவீட்டுத் துறை உருவாக்கிய நிரல். மைக்கேல் மெக்டொனால்ட், ஆர்லன் ஹார்பா என்ற இருவர் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதி, 1984இல் முதன்முதலாக வெளிவந்தது. நாற்பது ஆண்டுகளில் பல பிறவிகள் எடுத்து, 2017 முதல் மாட்ஃப்லோ 6 என்ற பெயரில் வழங்குகிறது. அதன் உள்ளே இருக்கும் எண்ணம் அதைவிடப் பழையது. பிரான்சின் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஆன்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி அளந்து, 1856இல் ஒரு விதியை வெளியிட்டார். இரண்டு இடங்களின் நீர்நிலை உயரங்களுக்கு இடையே எவ்வளவு வேறுபாடோ, அதற்கேற்ப நீர் நகரும். எவ்வளவு எளிதாக நகரும் என்பதை இடையிலுள்ள மண் தீர்மானிக்கும். நிலத்தைச் சதுரங்கப் பலகைபோல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் அண்டைக் கட்டங்களுக்கும் இடையே இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுவதுதான் மாட்ஃப்லோ செய்வது.

நிறுவும் வேலையில் சொல்வதற்கு அதிகம் இல்லை. அந்தத் துறையின் தளத்திலிருந்து சுருக்கக் கோப்பை இறக்கி விரித்தால், அடைவுகள் சில கிடைக்கும். ஒன்றில் நிரல், ஒன்றில் கையேடுகள், ஒன்றில் எடுத்துக்காட்டுகள். நிரலை நேரடியாக இரட்டைச் சொடுக்கினால் கறுப்புச் சாளரம் ஒன்று மின்னி மறையும். அது பழுதன்று. எந்த மாதிரியைக் கணிக்க வேண்டும் என்று சொல்லும் பெயர்க் கோப்பு அருகில் இல்லாமல் அந்த நிரல் ஒரு வேலையும் செய்யாது. எடுத்துக்காட்டு ஒன்றின் அடைவுக்குள் நின்று கட்டளைச் சாளரத்திலிருந்து அதை அழைத்தால், சில நொடிகளில் எண்கள் ஓடி, 'கணிப்பு இயல்பாக முடிந்தது' என்று பொருள்படும் ஆங்கில வரியோடு நிற்கும். கணக்கு சரியாக முடிந்தது என்பதே அதன் பொருள். மண் அப்படித்தான் இருக்கிறது என்று அது சொல்லவில்லை.

கையால் கோப்பு எழுத அஞ்சுகிறவர்களுக்கு மாடல்மியூஸ் என்ற துணை நிரல் உண்டு. அதையும் அதே துறை இலவசமாகத் தருகிறது. மாட்ஃப்லோ எந்த அடைவில் இருக்கிறது என்பதை அதற்கு ஒருமுறை காட்டிக்கொடுத்துவிட்டால், படம் வரைவதுபோல வரையலாம். எல்லாமாக அரை மணி நேரம். தமிழில் 'நிறுவுதல்' என்ற சொல்லுக்கு நிலைநாட்டுதல், மெய்ப்பித்தல் என்ற பொருள்களும் இருக்கின்றன. அந்தப் பொருளில் நிறுவும் வேலை மூன்று மாதமாக நடந்துகொண்டிருக்கிறது.

பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள எனக்குத் தெரிந்த நிலம் ஒன்றே ஒன்றுதான்: பல்லடத்துக்கு அருகே அண்ணன் உழுகிற ஐந்து ஏக்கர். மாடல்மியூஸ் புதிய மாதிரியைத் தொடங்கும்போது எத்தனை வரிசை, எத்தனை நிரல், கட்டத்தின் அகலம் என்ன, எத்தனை அடுக்கு என்று கேட்கிறது. மேல் நீர்த்தாங்கி, நடு நீர்த்தாங்கி, கீழ் நீர்த்தாங்கி என்று மூன்று அடுக்குகளைத் தானாகவே பெயரிட்டு வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் கிணறு வெட்டுகிறவர்களைக் கேட்டால், மேலே செம்மண், அதன்கீழ் சரளை, பிறகு கடப்பாரைக்கு விட்டுக்கொடுக்கிற சுக்காம்பாறை, அதன்கீழ் வெடிக்கு மட்டுமே மசிகிற கரும்பாறை என்பார்கள். ஆழத்தை அடியில் சொல்வார்கள். தண்ணீரை இஞ்சில் சொல்வார்கள். அடியை மீட்டராக்குவது எளிது. இஞ்சை, நொடிக்கு இத்தனை கனமீட்டர் என்று ஆக்குவதற்கு வாளியும் கைக்கடிகாரமும் தேவைப்பட்டன.

அடுத்து நீர் ஊடுகடத்துதிறன், அதாவது மண் தன் வழியே நீரை எவ்வளவு எளிதாக விடுகிறது என்பதன் அளவு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் மாடல்மியூஸ் நொடிக்கு 0.0001 மீட்டர் என்று தானே வைத்துக்கொள்கிறது. நண்பரிடம் கேட்டேன். "அது நல்ல மணலுக்கு உரிய எண், சார். உங்கள் பாறைக்கு இதில் நூற்றில் ஒரு பங்கோ ஆயிரத்தில் ஒரு பங்கோ கூட இருக்கலாம். வெடிப்பே இல்லாத பாறை என்றால் எண்ணவே வேண்டாம்" என்றார். இந்த மென்பொருளை நிறுவப்போகும் யாருக்கும் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்: காலியாக விட்ட இடம் எதுவும் காலியாக இருப்பதில்லை. கல் நிலத்தை நிரல் வாய்பேசாமல் ஆற்றுமணலாக்கிவிட்டு, இயல்பாக முடிந்தது என்றும் சொல்லிவிடும். திரையில் தோன்றும் நீலப் படம் அப்போதும் அழகாகவே இருக்கும்.

அண்ணனுக்கு இந்தச் செய்தி எப்படியோ போய்விட்டது. திறந்த கிணறு கோடையில் தரை தட்டுகிறது. முதல் போர் ஓட்டிப் பத்தாண்டு ஆகி, இப்போது ஒரு மணி நேரம் ஓடினால் காற்று வருகிறது. கடன் வாங்கி இரண்டாவது போர் ஓட்டத் தீர்மானித்திருந்தார். தேங்காயைக் கையில் ஏந்தி நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவர் கிழக்கு மூலையைக் காட்டியிருந்தார். "தம்பி, உன்ற பொட்டில போட்டுப் பாத்துச் சொல்லு, கிழக்கால ஓட்டறதா, மேக்கால ஓட்டறதா?"

அதை இந்தப் பெட்டி சொல்லாது. நான் வரைந்த கட்டம் ஒவ்வொன்றும் ஐம்பது மீட்டர் அகலம். அந்த ஐம்பது மீட்டருக்குள் பாறையை ஒரே குணமுள்ள பொருளாக அது சராசரி செய்துகொள்கிறது. எங்கள் பக்கத்துப் பாறையிலோ ஒரு போர் பொங்கும், பத்தடி தள்ளி ஓட்டினால் புழுதி பறக்கும். கீழே ஓடும் வெடிப்பு எது என்று தெரியாதவரை, தேங்காய்க்காரரை நான் மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. (நிலத்தடியில் நரம்புகள்போல நீர் ஓடுவதாகவும், மரத்தையும் புற்றையும் கொண்டு அவற்றைக் கண்டறியலாம் என்றும் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் ஓர் இயலே எழுதியிருக்கிறார். பாறை நாட்டைப் பொறுத்தவரை அந்த நரம்பு உவமையை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது.)

ஆனால் அண்ணன் கேட்காத கேள்வி ஒன்றை நிரல் என்னிடம் கேட்டது. அதுதான் எல்லை நிபந்தனை. மாதிரி எங்கே முடிகிறது, முடியும் இடத்தில் நீர் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால், ஓரத்தில் சுவர் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். உள்ளே வராது, வெளியே போகாது. எங்கள் ஐந்து ஏக்கரின் வரப்புகளையே ஓரமாக வரைந்தால், வரப்புக்குக் கீழே எண்ணூறு அடிக்குச் சுவர் கட்டியதாக ஆகும்.

வேடிக்கை என்னவென்றால், சட்டம் அப்படித்தான் வரைந்து வைத்திருக்கிறது. குறிப்பிட்ட கால்வாயில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் சேகரித்துப் பயன்படுத்துவது நில உரிமையாளனின் உரிமை என்கிறது 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். நிலத்தடி நீருக்கென்றே தமிழ்நாட்டில் 2003இல் இயற்றிய சட்டம் ஒன்று, நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது. எங்கள் வீட்டுப் பழைய பத்திரங்கள் வேறு மொழி பேசுகின்றன. கிணற்றில் நாலில் ஒரு பங்கு, இத்தனை நாளுக்கு ஒரு முறை இறைத்துக்கொள்ளும் பாத்தியம், வாய்க்கால் வழிப் பாத்தியம் என்று அவற்றில் எழுதியிருக்கும். 'பங்காளி' என்ற சொல்லில் பகைமை ஏறியது எப்போதோ தெரியாது. அதன் நடுவில் இருப்பது பங்கு. கவலை ஓட்டிய காலத்தில் முறை தவறினால் ஊர் கூடும். போர் வந்தபின் பத்திரத்தில் பாத்தியம் எழுதுவது நின்றது. ஆறரை அங்குலத் துளைக்கு யார் பங்கு கேட்பது?

அண்ணனுக்காக ஒரு சிறு கணக்குப் போட்டேன். இதற்கு மென்பொருள்கூட வேண்டாம். எங்கள் பக்கம் மழை ஆண்டுக்கு 650 மில்லிமீட்டர் என்று கொள்வோம். இவ்வகை நிலத்தில் மழையில் நூற்றுக்கு 8 முதல் 11 பங்கு நிலத்தடி நீராகும் என்பது மத்திய அரசின் மதிப்பீட்டு நெறி. பத்து என்று வைத்தால் 65 மில்லிமீட்டர்; ஐந்து ஏக்கருக்கு ஏறத்தாழ 1,315 கனமீட்டர். நொடிக்கு ஒரு லிட்டர் தருகிற எளிய போர் ஒன்று நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 21.6 கனமீட்டர். அறுபத்தொரு நாளில் எங்கள் வானம் எங்களுக்குத் தந்தது தீர்ந்துவிடும். பாய்ச்சிய நீரில் கொஞ்சம் திரும்ப இறங்கும் என்று சேர்த்துக்கொண்டாலும் சில வாரங்கள் கூடும், அவ்வளவுதான். மீதி நாட்களில் அந்தத் துளையில் ஏறும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

"பூமிக்குள்ளிருந்து" என்றார் அண்ணன். சற்றுப் பொறுத்து, "அப்ப மாமன் தோட்டத்துலிருந்துங்கற" என்றார். கிழக்குத் தோட்டத்து மாமாவுக்கும் எங்களுக்கும் ஆறேழு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. எங்கள் முதல் போர் அவர் கிணற்றை இழுத்துவிட்டது என்பது அவர் வழக்கு. அவருடையதுதான் எங்களுடையதை இழுத்தது என்பது எங்கள் வழக்கு. மாட்ஃப்லோவில் கிணற்றுக்குக் கழித்தல் குறியோடு ஓர் எண் கொடுக்க வேண்டும். எடுப்பது என்று பொருள். இரண்டு தோட்டத்திலும் ஒவ்வொரு கழித்தல் எண்ணை இட்டு ஓட்டினேன். இரண்டு பள்ளங்கள் தோன்றி, விரிந்து, நடுவில் ஒன்றோடொன்று கலந்தன. அந்த எண்களை நம்பச் சொல்லமாட்டேன். ஆனால் எந்த எண்ணை மாற்றினாலும் வரப்பு மட்டும் படத்தில் எங்கும் தோன்றவில்லை.

மாதிரியின் ஓரத்தை இப்போது நீர்ப்பிரிமுகடு வரை தள்ளியிருக்கிறேன். அதற்குள் நாற்பதுக்கு மேல் கிணறுகளும் போர்களும் அடங்குகின்றன. யார் எவ்வளவு இறைக்கிறார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது. மின்சாரம் இலவசம், பெரும்பாலும் மீட்டர் இல்லை. ஞாயிறுதோறும் கயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போகிறேன். அண்ணன் போர் வண்டிக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. வரச் சொல்லவும் இல்லை.

போன ஞாயிறு கிழக்குத் தோட்டத்துப் படலைத் தள்ளிக்கொண்டு போனேன். மாமா கட்டிலிலிருந்து எழவில்லை. கயிற்றைப் பார்த்துவிட்டு, "எங்க கிணத்தையும் அதுல போட்டிருக்கறயா?" என்றார். போட்டிருக்கிறேன், ஆழம் தெரியாமல் உத்தேசமாக என்றேன். உள்ளே போய், பால் கணக்கு எழுதும் நோட்டை எடுத்து வந்தார். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: போர் 740 அடி. 180இல் ஈரம். 610இல் தண்ணி. 

"மூணாவது போரும் இருக்குது, காஞ்சது" என்றார். "அதையும் எழுதிக்கோ."