ரொக்கருக்கு ஒயில் ஏறுதா?

மட்டக்களப்பில் படுவான்கரையில் நெல் ஏற்றும் லொறி, வயல் ஓரத்தில் மூட்டை ஏறி முடியும்வரை சும்மா உறுமிக்கொண்டு நிற்கும். பிறகு மண்முனைப் பாலத்தைக் கடந்து ஆலைக்கு ஒரு சின்ன ஓட்டம். அங்கேயும் வரிசை. 2014இல் அந்தப் பாலம் திறந்தபின் ஓட்டம் இன்னும் குறுகிவிட்டது. இப்படிச் சூடு முழுதாக ஏறாமல் உழைக்கிற எஞ்சினில் ஒயில் சீக்கிரம் கசடாகும். பம்பிலிருந்து ஒயில் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் ரொக்கர் ஷாஃப்ட். கசடு முதலில் அடைப்பதும் அதைத்தான்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். திரும்பத் திறக்க 2025 ஆகிவிட்டது. இடையில் பழைய டாட்டா லொறியை விற்க ஒருவருக்கும் மனம் வரவில்லை, எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்து ஓட்டினார்கள். அவற்றில் நிறைய 697 எஞ்சின்கள். 1954இல் டாட்டா டைம்லர் பென்ஸுடன் சேர்ந்தபோது தொடங்கிய பரம்பரை அது, நல்ல சாமான்.

என் கராச்சுக்கு வரும் இளம் முதலாளிமார் இப்போது வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள்.

"மாமா, ரோலர் ரொக்கரும் இறுக்கமான ஸ்பிரிங்கும் போட்டா இழுவை கூடுமாம், உண்மையா?"

"ரேஸ் ஓடுறவனுக்குக் கூடும் மனே. நீ நெல்லுத்தானே ஏத்துறாய்?"

697இல் கவர்னர் எஞ்சினை ஓர் அளவு வேகத்துக்கு மேல் விடாது. அந்த வேகத்தில் நல்ல நிலையிலுள்ள பழைய ஸ்பிரிங்கே வால்வைச் சரியாக மூடிவிடும். கூடுதல் இறுக்கம் கேமையும் டப்பட்டையும் தின்னும். அவற்றை மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டிவரும். வால்வை அதிகம் திறக்கும் ரொக்கர் இன்னும் மோசம். டீசல் எஞ்சினில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருப்பது மிகச் சிறிய இடைவெளி. அதைத் தின்றால் புஷ் ரொட் வளையும், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் பிஸ்டனும் போகும்.

காசைப் போட வேண்டியது வேறு இடங்களில். வால்வ் தண்டில் உரசும் ரொக்கர் முனையில் காலப்போக்கில் ஒரு குழி விழும். ஃபீலர் தகடு அந்தக் குழியின் மேலாகப் பாலம்போல் கிடக்கும், 0.20 மில்லிமீற்றர் என்று வைத்தாலும் உள்ளே இடைவெளி அதைவிடக் கூடுதல். எத்தனை தரம் டப்பட் வைத்தாலும் சத்தம் நிற்காத லொறிகளில் பெரும்பாலும் இதுதான் கதை. முனையைத் தேய்த்துச் சரிப்படுத்தலாம், ஆனால் வளைவு மாறக்கூடாது, மேலே இருக்கிற கடினத் தோல் போகக்கூடாது. தோல் போன ரொக்கரை கிடைக்கிற விலைக்கே இரும்புக்காரனிடம் கொடுத்தாலும் லாபம்.

அடுத்தது ஷாஃப்ட். ஒரு பக்கம் புஷ் ரொட்டும் மறுபக்கம் வால்வ் ஸ்பிரிங்கும் மேல்நோக்கித் தள்ளுவதால் ஷாஃப்டின் அடிப்பக்கம்தான் தேயும். சில பாஸ்மார் அதைப் புரட்டிப் போட்டு, தேயாத பக்கத்தில் ஓடவிடுவார்கள். கெட்டித்தனம் மாதிரித் தெரியும். ஒயில் துளையும் சேர்ந்து புரண்டுவிடும் என்பதை யோசிப்பதில்லை. கழற்றும்போதே துளை எந்தப் பக்கம் பார்த்தது என்று குறித்து வையுங்கள். முனை அடைப்புகளை எடுத்து உள்ளே கம்பி விட்டுக் கழுவுங்கள். லேத்தில் புதுப் பித்தளை புஷ் அடிக்கும்போது அதன் துளையும் ரொக்கரின் துளையும் நேராக வந்ததா என்று நீங்களே பாருங்கள். புஷ் ரொட்டைக் கண்ணாடியில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்லெட் 0.20, எக்ஸோஸ்ட் 0.30 மில்லிமீற்றர். ஆறாம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஆடும்போது ஒன்றாம் சிலிண்டரை வையுங்கள். இரண்டு ஆடும்போது ஐந்து, நாலு ஆடும்போது மூன்று, அப்படியே திருப்பியும். சத்தம் பிடிக்காத சாரதிமார் இன்னும் இறுக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். இறுகிய எக்ஸோஸ்ட் வால்வ் சீற்றில் முழுதாக உட்காராது, சூட்டை இறக்க வழியில்லாமல் எரிந்துபோகும். நான் மாற்றிய எரிந்த வால்வுகளில் பல, சத்தமே போடாத எஞ்சின்களில் இருந்து வந்தவை.

வெள்ளாமை வெட்டுக்கு முன் ஒருதரம் டப்பட் கவரைக் கழற்றி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பன்னிரண்டு ரொக்கரிலும் ஒயில் வருகிறதா என்று பாருங்கள். ஒன்று காய்ந்திருந்தாலும் லொறியை வயலுக்கு அனுப்ப வேண்டாம்.